மஞ்சள் பட்டு நூலை மாற்றியது யார்

ஏப்ரல் 9
மழை. ட்வீட் ஆறு கலங்கி ஓடுகிறது. மீனை ஏமாற்றப் பட்டு நூலால் நான் கட்டிக்கொடுத்த போலி ஈக்களை, வாடிக்கைக்காரர் லெய்ட்லா எங்கள் தூண்டில் கடைக்குக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். "என்ன கிரிசல், உன் ஈயைப் பாத்தாலே ட்ரவுட் மீனெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு எரிந்தது.

அவர் போனதும் ஒன்றைத் தண்ணீரில் நனைத்தேன். மெழுகு தேய்த்த மஞ்சள் பட்டு நனைந்தால் கரும்பச்சைக்கு இறங்க வேண்டும். இது வெளிறி, உள்ளிருக்கும் தூண்டில் முள்ளைக் காட்டியது. நாத்தனார் ஐலி கட்டியதோ சரியாகக் கருத்தது. இருவருக்கும் ஒரே பெட்டி நூல்தான். பின் எப்படி?

ஏப்ரல் 11
நூற்கண்டுகள் இடம் மாறியிருக்கின்றன. கேட்டால், "தூசி தட்டினேன் அண்ணி" என்கிறாள், முகத்தைப் பார்க்காமல். இவளா தூசி தட்டுகிறவள்?

ஏப்ரல் 12
லெய்ட்லா இன்று ஈ கேட்டது அவளிடம்.

ஏப்ரல் 15
புரிந்துவிட்டது. மட்டமான பட்டு நூலை என் பக்கம் வைக்கிறாள். அவள் அண்ணன் செத்த பிறகு கடை என் பேருக்கு வந்தது பொறுக்கவில்லை. கூடவே இருந்து குழி பறிக்கிறாள். என் ஓட்ஸ் கஞ்சியில் தேன் வேறு ஊற்றிக் கொடுக்கிறாள் — எதற்காம்?

இன்று பிரிக்காத பெட்டியிலிருந்து நானே ஒரு கண்டைப் பொறுக்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். படுக்கும்போது தலையணைக்கடியில். இனி எப்படிக் கை வைக்கிறாள், பார்ப்போம்.

ஏப்ரல் 18
அந்த நூலில் கட்டியதை லெய்ட்லாவிடம் நானே கொடுத்தேன். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "ஏன் கிரிசல், வெள்ளை நூல்ல கட்டியிருக்க?"

விளையாடுகிறார் என்று கண்டையே எடுத்து நீட்டினேன். "இதுவும் வெள்ளைதானே" என்றார், மெதுவாக.

யாரும் தொடாத கண்டு. ஐயோ, நான் மட்டும்தானே தொட்டேன்.

ஏப்ரல் 19
என் கண்ணுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகிவிட்டது ஐலிக்குக் குளிர்காலத்திலிருந்தே தெரியுமாம். "வெள்ளைக் கண்டை உங்க கைக்கு எட்டாமத் தள்ளித் தள்ளி வச்சேன் அண்ணி. நான் அசந்த நேரம் எடுத்துடுவீங்க. சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். கண்ணில் நீதான் எதையோ போட்டாய் என்றிருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

மே 3
கண்புரை என்கிறார் டாக்டர்; அது முற்றினால் வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியுமாம். எடின்பரோவில் அறுவை சிகிச்சை, காத்திருக்க வேண்டும்.

மாலையில் மேசையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஐலி ஒரு கண்டை வைத்தாள். "மஞ்சள்" என்றாள்.

ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை. கட்ட ஆரம்பித்தேன்.