உமிப் பலகை மேசை

மே 4

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை. என் புத்தகங்கள் மறுபடியும் சிறையில். அப்பா உமியையும் வைக்கோல் தூளையும் பசையில் பிசைந்து அச்சில் கொட்டுவார். மேலே தகடு, தகட்டின் மேல் பாரம். செங்கல் போதாவிட்டால் என் அலமாரிப் புத்தகங்கள்தான். பசை காயும்வரை எதையும் உருவக் கூடாது, பலகை வளைந்துவிடும். பாதியில் விட்ட நாவல் அடியிலிருந்து மூன்றாவது. "புத்தகத்தால ஒரு பிரயோஜனம்னா இதான்டி" என்று அம்மா சிரிக்கிறாள்.

மே 11

நான் வரைந்த மேசை ஜெயித்துவிட்டது! இந்தப் பலகை நடுவில் தொய்யும். அதனால் அடியில் குறுக்கே ஒரு பட்டை கொடுத்து, அதையே புத்தகத் தட்டாக்கினேன். எதிர்வீட்டு மாமா ஏறி நின்றார். அவரைத் தாங்கினால் யானையையும் தாங்கும். ஒரு பெண்கள் பள்ளி தன் விடுதி முழுவதற்கும் மேசை கேட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு நான் போக ஆசைப்படும் அதே பள்ளி. எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தோடு சரி.

மே 19

அப்பாவிடம் கேட்டேன். "ஆர்டர் முடியட்டும்மா. நீ இல்லாம அளவெல்லாம் யாரு பாக்குறது? அடுத்த வருஷம் சேந்துக்கோ."

திட்டினால் சண்டையாவது போடலாம். கெஞ்சுகிறாரே! நானே வரைந்து நானே மாட்டிக்கொண்டேனா?

மே 20

அளவுகளைச் சீட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். உமித் தூசு. தும்மல்.

மே 28

சேர்க்கைக்குக் கடைசி நாள். அப்பா மேசைக்கால் உயரம் கேட்டார். உட்கார்ந்து, என் முழங்கால் இடிக்காத உயரத்தை அளந்து சொன்னேன். போங்கப்பா, எனக்கு ஒண்ணும் வேணாம் — இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன்.

ஜூன் 6

இன்று விடுதியில் மேசைகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினோம். ஒவ்வொன்றின் முன்னும் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜன்னலோரம் ஒன்றின் முன் உட்கார்ந்தேன். வெளியே மரம், எதிரே நூலகம்.

"ஆடுதாம்மா?"

ஆடவில்லை. "கொஞ்சம் ஆடுதுப்பா" என்றேன்.

அப்பா குனிந்து திருகாணியை முறுக்கினார். "இப்ப?"

"இன்னும் ஆடுது."

மறுபடி முறுக்கினார். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. அப்பாவுக்குத் தெரியாதா என்ன? என் முகத்தைப் பார்த்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற விடுதிக் காப்பாளரிடம் போனார்.

"மேடம், இந்த வருஷ சேர்க்கை…"

"போன வாரமே முடிஞ்சிடுச்சேங்க."

அப்பா திரும்பி வந்து பக்கத்து மேசையைப் பூட்டத் தொடங்கினார். என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.