ஓடையில் தள்ளிய மரங்கள்

16.9.87
நாளை முதல் சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டு ஊரே கிளம்புகிறது. தம்பி அய்யனார், இரண்டு பேர் இழுக்கும் பெரிய ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மரம் அறுத்துச் சாலையில் போடப் போகிறார்களாம். "மறுமுனையப் புடிக்க வாண்ணா" என்றான். வேலை போய்விடும் என்றேன். "உனுக்குப் புல்லுதான் பெருசு" என்றான்.

பெருசுதான். கோமுகி ஆற்றங்கரையில் சர்க்கரை ஆலை முதலாளிக்கு ஒரு கோல்ஃப் மைதானம். ஆறு குழி, ஆறு கொடி, மிச்சமெல்லாம் புல். அதற்கு நான் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.

19.9.87
வழியெல்லாம் அறுத்துச் சாய்த்த புளியமரம். பஸ் இல்லை. புல் வெட்டும் பச்சையம்மாள் வேலைக்கு வரவில்லை. மைதானத்துக்குப் பின்னால் காலனியில் அவள் வீடு. இந்த நேரத்தில் எங்கள் ஆட்களைத் தாண்டி எப்படி வருவாள்?

24.9.87
தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா சாப்பிடவில்லை.

கரும்பு லாரிக்கு வழி வேண்டும் என்று மேனேஜர் டிராக்டர் கொடுத்தார். மரங்களை அறுத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? பக்கத்து ஓடையில் தள்ளச் சொன்னேன். சுலபமாக முடிந்தது.

2.11.87
தம்பி ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். ரொம்ப இளைத்திருக்கிறான்.

12.11.87
மலையில் விடாத மழை. வெள்ளிமலைக்கு ஜீப்கூடப் போகவில்லையாம். பொங்கலுக்கு முதலாளியின் விருந்தாளிகள் விளையாட வருகிறார்கள், மைதானத்தில் ஒரு சொட்டு ஏறக் கூடாது என்றார் மேனேஜர். ஓடைப் பக்கக் கரையை மண் போட்டு உயர்த்தினோம்.

14.11.87
நான் தள்ளிய மரங்கள் வெள்ளத்தில் உருண்டுபோய், ஓடை ஆற்றில் சேரும் இடத்துச் சின்னப் பாலத்தை அடைத்துக்கொண்டன. தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பிக் காலனிக்குள் ஏறியது. இந்தப் பக்கம் மைதானம் மட்டும் பத்திரமாக இருந்தது.

பச்சையம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வந்தாள். "கரைய வெட்டி வுடுங்க சார். புல்லு மறுபடி மொளைக்கும்."

மேனேஜரிடம் ஓடினேன். கரையைத் தொட்டால் வேலை இல்லை என்றார்.

வெட்டினேன். காலனி ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். தம்பி சாலையில் நின்று பார்த்தான், இறங்கி வரவில்லை. மைதானம் முழுகிக் கொடிகள் மட்டும் தெரிந்தன. காலனியில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது.

இன்னா பண்ணிட்டேன் நான்? — வேற இன்னா பண்றது.

16.11.87
வேலை போய்விட்டது.

18.11.87
"அவங்களுக்காவ வேலய வுட்டுட்டு வந்து நிக்கறியா?" என்று கேட்டான் தம்பி. மரத்தைச் சாய்த்தவன் நீ, ஓடையில் தள்ளியவன் நான், முழுகியது அவர்கள் வீடு என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

23.11.87
ஆலைக்காரர்கள் கரையைத் திரும்ப அடைத்துவிட்டார்கள். பாலத்தில் மரங்கள் அப்படியே கிடக்கின்றன. மறுபடி மழை வரும் என்கிறது ரேடியோ. பயமாக இருக்கிறது.

24.11.87
காலையில் தம்பி ரம்பத்தை எடுத்து எண்ணெய் போட்டான். என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவிடம்தான் சொன்னான். "பாலத்தாண்ட போறேன். மறுமுனையப் புடிக்க ஆள் வோணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பொழுது சாய்வதற்குள் ஒரு மரம் அறுத்தோம். இன்னும் மூன்று கிடக்கிறது.