மூலைக்கு மாறிய கேமரா

அன்புள்ள பட்டாணிக்கு,

அம்மா எழுதுவது. சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்துகொண்டு இதைப் படி. பேருந்தில் நின்றபடி படிக்காதே. கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் வரிசை மாறிச் சொல்லிவிடுவேன். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்கு வரிசை தப்பினால் ஒன்றும் ஓடாது.

ஹாலில் இருக்கும் கேமராவில் நேற்று மதியத்திலிருந்து படம் வந்திருக்காது. கெட்டுப்போகவில்லை. நாங்கள்தான் பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். "கேமரா வேலை நடக்கிறது, பயப்படாதே" என்று நான் அனுப்பிய செய்தி பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

நீ கேட்டபடி ஹால் முழுவதும் தெரிகிற மாதிரி செய்தாகிவிட்டது. அகலமாகத் தெரிகிற லென்ஸ் வைத்த புதுக் கேமரா வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அதற்குத் தேவை இருக்கவில்லை. தேர்வு அறையில் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் கரும்பலகைக்கு நடுவில் போய் நிற்பார்கள். அங்கே நின்றால் அறை முழுவதையும் பார்க்க நூற்றெண்பது பாகை தலையைத் திருப்ப வேண்டும். இடதுபக்கம் திரும்பும்போது வலதுபக்கம் துண்டுச்சீட்டு கைமாறிவிடும். நான் எப்போதும் மூலையில்தான் நிற்பேன். இரண்டு சுவர் சேருகிற இடத்தில் நிற்பவளுக்கு அறை வெறும் தொண்ணூறு பாகைதான். கண் அதே கண், நிற்கிற இடம்தான் வேறு. நம் கேமரா நூற்றுப்பத்து பாகை பார்க்குமாம். அதைச் சுவரின் நடுவில், புத்தக அலமாரியில் வைத்திருந்ததால் இரண்டு ஓரமும் அதற்கு எட்டவில்லை. இப்போது ஜன்னல் பக்கத்து மூலையில், ஏழடி உயரத்தில், முகத்தைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி மாட்டியிருக்கிறோம். வெளிச்சம் அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் படமும் தெளிவாக வருகிறது.

இவ்வளவு தெரிந்தவளுக்கு இது முன்பே தோன்றவில்லையா என்று கேட்பாய். தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான்கு மாதத்துக்கு முன்னால், அப்பாவுக்கு லேசாகக் கால் மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னேன். அது லேசானதில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும். அத்தை வீட்டில் இருக்கிறோம் என்று சொன்ன பன்னிரண்டு நாளும் மருத்துவமனையில் இருந்தோம். பேச்சுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை, பயப்படாதே. வாய் முன்பைவிட நீளம். நடைதான் போய்விட்டது. குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று கட்டிலை ஹாலின் இடது சுவரோரம் போட்டோம்.

அப்பா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் அல்லவா? வீட்டுக்கு வந்த அன்றைக்கே, "கண்ணாடியில தெரியாத இடம்னு எல்லா வண்டிக்கும் ஒண்ணு உண்டு. இந்தக் கேமராவுக்கு அது எதுன்னு பாரு" என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டே துடைப்பத்தைத் தரையில் நகர்த்தி, அது படத்திலிருந்து மறைகிற இடத்தில் சாக்பீசால் கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டில், வாக்கர், மருந்து டப்பா. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. நீ வேலை முடிந்து ஆறு மணிக்குக் கேமராவில் பார்த்துப் பேசுவாய் என்பதால், ஐந்தே முக்காலுக்கு அவருக்குச் சட்டை மாற்றி, தோள் கொடுத்து நாலு எட்டு நடத்திக்கொண்டுவந்து உட்கார வைப்பேன். "ஆறு மணிக் காட்சிக்கு ஹீரோ ரெடி" என்பார். "ரெண்டு பேரும் என்ன ஸ்டுடியோவுல போட்டோ எடுக்கற மாதிரி விறைப்பா உக்காந்திருக்கீங்க?" என்று நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஏன் டம்ளரை இடது கையில் பிடிக்கிறார் என்று கேட்டதற்கு, வலது கையில் பெயின்ட் என்றேன். அந்தப் பெயின்ட் ஒரு மாதமாகக் காயவே இல்லை.

எதற்கு இந்த நாடகம் என்று கோபம் வரும். எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, கிடைத்த பயிற்சியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தவள் நீ. மறுபடி ஒரு இடம் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது முடிய ஐந்தே மாதம். "எம் பொண்ணு பிளேனையே கழட்டி மாட்டறா" என்று மருந்துக்கடைக்காரர் வரைக்கும் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். "நான் விழுந்தது போதும். அவளையும் சேத்துக் கீழே தள்ள வேணாம்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் சமையலறையில் இருந்தபோது, ஒரு நாளாவது யார் தோளும் இல்லாமல் உன் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று தனியாக எழுந்திருக்கிறார். கட்டிலுக்கும் கோட்டுக்கும் நடுவே விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, முழங்கை சிராய்த்ததோடு சரி. உனக்குத் தெரிந்தது காலி நாற்காலியும், நான் குறுக்கே ஓடியதும்தான். பால் பொங்கிவிட்டது என்றேன். "சமையலறை அந்தப் பக்கம் இல்லைன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றாய். இரண்டு நாள் கழித்து, "நீ ஓடினது தெரிஞ்சது, எங்க ஓடினேன்னு தெரியல. ரெண்டு நாளா எந்த வேலையிலயும் கை போகல. ஓரம் தெரியணும்மா" என்று எழுதினாய்.

அதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "லென்ஸ் அவ்வளவுதான்னு சொல்லிடு" என்றார் முதலில். மாலையில் அவராகவே, "கண்ணாடியில பாதி தெரிஞ்சா மீதிய மனசு மோசமாத்தான் போட்டுக்கும். அவளுக்கு முழுசாக் காட்டிடு" என்றார்.

எலக்ட்ரீஷியன் வந்து ஏணியில் ஏறிக் கேமராவைத் திருப்ப, அப்பா கட்டிலில் படுத்தபடியே "வரலாம், வரலாம்... லெப்ட்ல ஒடிங்க... வரலாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். "சார், நான் ஏணியில நிக்கிறேன். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கல" என்றார் அந்த மனிதர். போனில் கட்டில் தெரிந்ததும் நான் போதும் என்றேன். "வாக்கர் தெரியுதா?" என்று கேட்டார் அப்பா. தெரியவில்லை. "அப்ப போதாது" என்றார். வாக்கரின் நாலு காலும் தெரிந்த பிறகுதான் ஸ்டாப் சொன்னார்.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி நடக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேற்று பதினோரு எட்டு நடந்தார். காலையில் உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, பட்டாணி. நீ பாதியில் போட்டுவிட்டு வந்தாயானால் அந்தப் பதினோரு எட்டும் நின்றுபோகும். அவரை எனக்குத் தெரியும். அரைகுறையாகச் சொன்னதற்காக எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். இப்போது நான் எழுந்து நிற்கிறேன். என்னை உட்காரச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

படித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு, பிளக்கைப் போடுகிறேன். நீ முதலில் என்ன பேசுவாய் என்பதுதான் இன்று காலையிலிருந்து அவருக்குக் கவலை. "ஐயோ அப்பா" என்று மட்டும் ஆரம்பிக்காதே. முழுசாக் காட்டிடு என்று சொன்ன நாளிலிருந்து "இனிமே மேக்கப் எதுக்கு" என்று சவரம் செய்ய மறுக்கிறார். வெள்ளைத் தாடி முள்ளு முள்ளாக நிற்கிறது. அதைக் கிண்டல் செய், நன்றாகக் கிண்டல் செய். அழுகை வந்தால், பிறகு எனக்குத் தனியாகப் போன் செய்து அழு. எனக்கும் சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

எடுத்த காரியத்தை முடித்து, நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா