வேலைநிறுத்தத்தில் பயிற்சி

கோயம்புத்தூர்,
9.1.1974

அன்புள்ள அப்பாவுக்கு, காயாரோகணம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

பாலிடெக்னிக்கில் ஆறு மாதம் பாடம், ஆலையில் ஆறு மாதம் பயிற்சி என்றேன் அல்லவா? இப்போது ஆலையில் வேலைநிறுத்தம். பயப்பட ஒன்றுமில்லை. தொழிலாளர்களுடைய இயந்திரங்களை மாணவர்கள் நாங்கள்தான் ஓட்டுகிறோம். சாப்பாடுகூட நிர்வாகமே உள்ளே போடுகிறது. மறுத்தால் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்து கிடையாது, டிப்ளமோவும் கிடையாது.

நேற்று வாசலில் சிவப்புத் துண்டு போட்ட தொழிலாளி ஒருவர், "எந்த ஊரு தம்பி?" என்றார். முத்துப்பேட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியபோது நீங்கள் வரப்பில் மறித்து அடிவாங்கிய ஊராயிற்றே.

சங்கு ஊதுகிறது, உள்ளே போகவேண்டும். குளிருக்குத் தலையில் கட்ட உங்கள் சிவப்புத் துண்டைக் கேட்டிருந்தேன். அதை அனுப்ப வேண்டாம் அப்பா.

காயாரோகணம்