பதினான்கு துவாரங்கள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? போன தடவை நான்கு பக்கம் எழுதியிருந்தாய். அதில் மூன்றரைப் பக்கம் வீட்டைத்தான் விசாரித்திருந்தாய். வீடு சௌக்கியம். செடிச் சுவரில் பாசி பிடித்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷை வைத்து உட்கார்ந்து சுரண்டிவிட்டேன். கரையான் புற்றைப் பார்த்து வீடு கட்டியவன் நீ. அந்தப் புற்றுக்குள் குடியிருப்பவள் நான்.

ஒரு நல்ல சேதி. பழைய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னை மறுபடியும் கூப்பிடுகிறார்கள். மேடமே போன் செய்து, "இப்ப இருக்கறதுங்களுக்கு ஊசி எடுத்தாலே கை நடுங்குது. நீ வந்து சேரும்மா" என்றார். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும், காலை ஆறரைக்கு.

ஆறரைக்கு நான் இங்கே என்ன செய்துகொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியுமா? விடிவதற்குள் சுவரின் கீழ்வரிசைக் காற்றுத் துவாரங்களைத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட்டிருப்பேன். பிறகு வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். பத்து மணிக்குக் கயிற்றை இழுத்து கூரைமேல் காற்றுக் கூண்டை மூட வேண்டும். பதினான்கு துவாரத்தில் ஒன்று வரிசை மாறினாலும் கழிவுநீர் வடிகிற நாணல் குட்டையின் நாற்றம் நேராகப் படுக்கையறைக்கு வந்துவிடும். இது உன் வரைபடத்தில் இல்லை. என் மூக்கு கண்டுபிடித்தது.

"ஒரே ஒரு வருஷம் பாத்துக்கோ பாப்பா" என்று சொல்லித்தான் வேலையை விட வைத்தாய். இது ஐந்தாவது வருஷம். ஓர் ஆளை ஏற்பாடு செய் அண்ணா. நான் போக வேண்டும். அந்தக் கூடத்து ஸ்பிரிட் வாசனைகூடக் கனவில் வருகிறது.

அன்புடன்,
உன் பாப்பா

மார்ச் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் சேதி கேட்டு எனக்கும் அண்ணிக்கும் ரொம்ப சந்தோஷம். நீ கெட்டிக்காரி, கூப்பிடாமல் இருப்பார்களா?

ஆனால் பார், வீடு கட்டடக்கலைப் பரிசுக்கான கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மே மாதம் தேர்வுக்குழு நேரில் வருகிறது. இந்த நேரத்தில் புது ஆள் கை பட்டால் எல்லாம் கெட்டுவிடும். அந்த வீடு உன் கைக்குப் பழகிய வீடு. மேடத்திடம் இரண்டே மாதம் தவணை கேள். உன்னைப் போல ஆள் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

அடுத்த வாரம் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருவார்கள். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் வாளியை மட்டும் கண்ணில் படாமல் எங்காவது வைத்துவிடு.

அன்புடன்,
அண்ணா

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தவணை கேட்டேன். மேடம், "உனக்கு இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிருக்கலாமே" என்றார். நேற்று வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம். உன்னிடம் மறைப்பானேன், குளியலறைக்குள் போய் அழுதேன்.

படம் எடுத்தார்கள். வாளியை ஒளித்துவைத்தேன். கொடியில் காய்ந்த என் துணிகளையும் எடுக்கச் சொன்னார்கள். செருப்பையும் எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் படம் எடுக்க வந்த தம்பி தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்களும் கொஞ்சம் வெளில நிக்கறீங்களா? ஆள் இருக்கற மாதிரி தெரியக் கூடாதுன்னு சார் சொன்னாங்க" என்றான். இரண்டு மணி நேரம் தெருவில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்டாள். பூச்சி மருந்து அடிக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

படமெல்லாம் நன்றாக வந்திருக்கும்.

பாப்பா

ஏப்ரல் 28

அண்ணாவுக்கு,

பத்திரிகை வந்தது. எட்டுப் பக்கம். உன் பேட்டியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"இந்த வீட்டுக்குப் பராமரிப்பே கிடையாது. கரையான் புற்றைப் போலத் தானே மூச்சு விட்டுக்கொள்ளும். மனிதக் கை படவே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாய்.

அந்தப் புற்றுக்குள் எத்தனை லட்சம் கரையான் என்று உன்னிடம் யாரும் கேட்கவில்லையா? பள்ளிக்கூடம் போகிற வழியில் புற்றைக் குச்சியால் நோண்டிக் காட்டி, "பாரு பாப்பா, நாம உடைக்க உடைக்க அதுங்க அடைச்சுக்கிட்டே இருக்கும், ஒரு நிமிஷம் சும்மா இருக்காது" என்று சொன்னவன் நீதானே? எல்லாம் தெரிந்தவன் நீ. தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறிவிடும்.

எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. ஐந்து வருஷமாக வெயிலுக்கு முன்னால் எழுந்து உன் வீட்டுக்கு மூச்சு விட்டேன். பரிசு வேண்டாம், பணம் வேண்டாம். என் தங்கை அங்கே இருக்கிறாள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வயிறு எரிகிறது அண்ணா.

மேடத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டு, வேறோர் ஊரில் ரத்த வங்கியில் இடம் வாங்கிவிட்டேன். நாளைக் காலை கிளம்புகிறேன். ஜன்னலே இல்லாத அறைதான். மின்விசிறிக்கு ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது, தட்டினால் சுற்றுகிறதாம்.

சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. மனிதக் கை படாமல் வீட்டை விட்டுவிட்டுப் போகிறேன்.

உன் தங்கை

ஜூன் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முன் இரண்டும் கிடைத்ததா தெரியவில்லை. இதையும் உன் மேடத்திடம்தான் நேரில் கொடுக்கப் போகிறேன். போன கடிதத்தைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை.

தேர்வுக்குழு வந்ததையும் போனதையும் ஏற்கெனவே எழுதினேன். மூன்று பேரில் ஒருவர் கடைசிவரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. செடிச் சுவர் பாதி கருகிவிட்டது. பேட்டியில் அப்படிச் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள், அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இதைப் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

மூன்று வாரமாக நானேதான் இங்கே இருக்கிறேன். என்னவெல்லாமோ வரிசையில் திறந்து பார்த்துவிட்டேன். மத்தியானம் உள்ளே உட்கார முடியவில்லை, திண்டாடுகிறேன்.

நேற்று வேலைக்கு ஓர் அம்மா வந்தார். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். "இதுக்கு ரெண்டு ஆளு வேணும் சார். இத்தனை நாளா யாரு பாத்தாங்க?" என்று கேட்டார். பேட்டி பேட்டியாகக் கொடுத்த பழக்கதோஷம், "யாருமில்ல, வீடு தானாவே பாத்துக்கும்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கோபமெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எந்தத் துவாரத்தை முதலில் திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுது, போதும். முடிந்தால் நீயே வந்துவிடு பாப்பா. ஒரே ஒரு வருஷம்.

அன்புடன்,
அண்ணா