வராத வெட்டுக்கிளி

வெள்ளோடு,
24.6.2020

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மாடும் கன்றும் சுகம், ஜோத்பூரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடிக்கொள்கிறோம். முகக்கவசத்தோடு பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிறாய் என்று அம்மா சொன்னாள், வேளைக்குச் சாப்பிடு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வேலியோர எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாய் வெட்டுக்கிளி அப்பிக் கிடந்ததைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன் அல்லவா. உங்கள் பக்கம் வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்துக்கொண்டு வந்த வீடியோவைப் பக்கத்துத் தோட்டத்து ஆண்டனிராஜ் காட்டியதிலிருந்தே எனக்கு உறக்கம் இல்லை, போதாததற்குச் செல்போனில் வந்த தியானத்தில் ஒரு சாமியார், மோசே கோலை நீட்டியதும் வெட்டுக்கிளி வந்து இறங்கி எகிப்து முழுக்க ஒரு பச்சை இலை மிஞ்சாமல் போனதைப் பிரசங்கம் வைத்தார். நீ அங்கே நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, "அப்பா, இங்க வந்தது இது இல்ல, இது எருக்கலையத்தான் திங்கும், செத்த பொறுங்க" என்று சொன்னாய். நான்தான், வெளியூர் போனதும் சாமி பயம் விட்டுப்போச்சா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது.

அதன் பிறகு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஊரடங்கில் கோயில் பூட்டிக் கிடந்தது, நம் சாமியாரைக் கூப்பிட்டுத் தோட்டத்தின் நாலு மூலையிலும் தீர்த்தம் தெளிக்க வழியில்லை. போன வருஷம் பாஸ்கா பூசையில் மந்திரித்து வாங்கி அம்மா மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். நாலு மூலையோடு விட்டிருக்கலாம், எனக்கு மனசு அடங்கவில்லை, முப்பது சென்ட் தக்காளிக்கும் படட்டும் என்று டிரம்மில் ஊற்றிக் கிணற்றுத் தண்ணீர் கலந்து ஸ்பிரேயரால் அடித்தேன். முந்தின நாள் வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி கலக்கிய டிரம் அது. கழுவவும் இல்லை, அடியில் மிச்சம் கிடந்ததைப் பார்க்கவும் இல்லை. நாலாம் நாள் இலை சுருண்டது, பத்தாம் நாள் செடியெல்லாம் படுத்துவிட்டது. வெட்டுக்கிளி அது பாட்டுக்கு எருக்கஞ்செடியிலேயே இருக்கிறது. அம்மாவிடம் வைரஸ் நோய் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவள் யார் செய்த பாவமோ என்று தினமும் செபமாலை சொல்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க என்னால் முடியவில்லை தாயி, அலுத்துப்போய்விட்டேன். தண்ணீர் தீர்ந்து அடிக்காமல் விட்ட கிணற்றோர நாலு பாத்தி மட்டும் காய்த்து நிற்கிறது. நீ சொன்னதுதான் சரி. உன்னை அப்படிப் பேசியது என் தப்பு.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுகிறேன், எடு, நான் பேசாமல் நின்றாலும் வைத்துவிடாதே. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுவேன். வெட்டுக்கிளி வந்தபோது எகிப்து ராஜா பாரவோனே மோசேயை ஆள்விட்டுக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான், காற்று மாறி அது கடலில் போய் விழுந்ததும் மனசு மறுபடி கல்லாகிவிட்டது. என் மனசையும் எனக்குத் தெரியும், அதனால் அம்மா காப்பி போட்டு முடிப்பதற்குள் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூசைமாணிக்கம்