உன் வண்டியை ஓட்டிப் பார்த்தேன்

பேரிகை,
9ஆம் தேதி, செவ்வாய்.

ஹரீஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் விலாசத்தை உன் சிநேகிதன் பிரதாப்பிடம் கெஞ்சி வாங்கினேன். அவன்மேல் கோபப்படாதே. நீ புனே போய் நான்கு மாதமாகிறது, எங்கள் போனை எடுப்பதில்லை. கம்பெனி கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, ரூமில் எத்தனை பேர் என்று உன் அம்மா தினமும் என்னிடம் கேட்கிறாள், எனக்கு ஏதோ தெரிந்த மாதிரி.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. முட்டைக்கோஸ் நாற்று நட்டாகிவிட்டது.

உன் வண்டியிலிருந்து விழுந்து உடைந்த தங்கை அருணாவின் கால் சரியாகச் சேரவில்லை. பிளேட்டை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இருபதாம் தேதி ஓசூரில் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கால் குட்டையாகிவிடுமாம். அவளோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். “அண்ணன் வந்து நின்னாத்தான் உள்ள போவேன். இல்லன்னா இப்படியே நொண்டிக்கினு இருக்கேன்” என்கிறாள். நான் மிரட்டினேன், உன் அம்மா அழுதாள். அவள் அசையவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட ஆள் வரச்சொல்லியிருந்தேன். அதற்கும் அவள் விடவில்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அண்ணனைத் திட்டு என்றாள். ஹேண்டில்பாரை மாற்றி, போன ஞாயிறு காலையில் எடுத்தேன். நான் இத்தனை வருஷம் ஓட்டியதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிதானே. உன்னுடைய இந்த டூ ஸ்ட்ரோக் மூன்றாவது உதையில் நீலப் புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. மெதுவாகப் போகும்வரை சாது. கொஞ்சம் முறுக்கியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போலப் பாய்ந்தது. முன்சக்கரம் லேசானது. இந்த வயதிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை.

பாகலூர் ரோட்டில் நீயும் அருணாவும் விழுந்த வளைவுக்கே போனேன். வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட்டேன். என் வண்டி என்றால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். இது பிடிக்கவில்லை, அதுபாட்டுக்கு ஓடியது. பயந்து பிரேக்கை அழுத்தினேன். பின்சக்கரம் வழுக்கி, ரோட்டோர மண்ணில் இறங்கித்தான் நின்றேன். காய்ந்த ரோடு, பின்னால் யாருமில்லை, நான் போனதும் நாற்பதுக்குள்தான்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் நாகம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் யாரென்று சொன்னேன். அன்றைக்குத் தக்காளி வேனிலிருந்து கூடைகள் சரிந்து ரோடெல்லாம் பழம் நசுங்கிக் கிடந்ததாம். உங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி விழுந்த பிறகுதான் வழுக்காமலிருக்கச் சாம்பல் கொட்டினார்களாம். “உன் பையன் வேகமா வரலப்பா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். வண்டி சாயறப்ப ஹேண்டில விட்டுட்டு அந்தப் பொண்ணத்தான் புடிச்சான்” என்றார்.

இதை நீ என்னிடம் சொல்லவேயில்லை. சொல்ல நான் எங்கே விட்டேன்? ஆஸ்பத்திரி வாசலில், உன் முழங்கையில் ரத்தம் காயாமல் இருந்தபோது, வேகமாக ஓட்டித் தங்கையின் காலை உடைத்துவிட்டாய், என் முகத்தில் முழிக்காதே என்றேன். தோலெல்லாம் உரிந்த அந்தக் கையை என்னவென்றுகூடக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது, ஹரீஷ். வளைவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அருணாவிடமும் அம்மாவிடமும் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். உன்னிடம் இப்போது சொல்கிறேன்.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே அழைத்துப்போவார்கள். லீவு கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தை அவளிடம் போனில் பேசு. அதுவும் முடியாதென்றால் இந்தக் கடிதம் கிடைத்ததும் என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், எதுவும் கேட்க மாட்டேன். உன் பேர் ஒரு தடவை வந்து போனால் போதும்.

நல்லபடியாக இரு, சாமி.

அப்பா,
வெங்கடப்பன்.